மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவே: ஆப்பிரிக்க எச்.ஐ.வி. திட்டங்களில் செயலாக்க அறிவியல்

"ஆப்பிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அது உயிர் காக்கும் என்பதும் எப்போதோ நிரூபணமாகிவிட்டது. அப்புறம் 'செயலாக்க அறிவியல்' என்று தனியாக ஒரு துறை எதற்கு? ஒரு மாவட்டத் திட்டத்தில் அதை வைத்து என்ன செய்துவிட முடியும்?" என்பது கேள்வி.

மொசாம்பிக்கில் 16 சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு இதற்குப் பாதி பதிலைச் சொல்லிவிடும். எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் குதிகாலில் சில துளி இரத்தம் எடுத்து, தாளில் உலரவைத்து, தொலைவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு திரும்பி வரும்வரை காத்திருப்பதுதான் வழக்கமான முறை. அந்த முறை தொடர்ந்த நிலையங்களில், தொற்று இருந்த குழந்தைகளில் 60 நாளுக்குள் மருந்து தொடங்கியவர்கள் 12.8% மட்டுமே. சோதனைக் கருவியை நிலையத்திலேயே வைத்த இடங்களில் அது 89.7%. இரு பக்கமும் ஒரே மருந்து, ஒரே நாடு. சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை, இறப்புகள் முதல் சில மாதங்களிலேயே குவிகின்றன. அப்படியிருக்க, ஒரு தாள் வழியில் கிடந்த நாட்கள்தான் அந்த வேறுபாட்டை உண்டாக்கின. அதே ஆய்வின் அடுத்த எண்ணையும் பார்க்க வேண்டும்: மருந்து தொடங்கியவர்களில் 90 நாள் கழித்தும் சிகிச்சையில் இருந்தவர்கள் கருவி வைத்த இடங்களில் 61.6%, மற்ற இடங்களில் 42.9%. கருவி ஓர் ஓட்டையை அடைத்தது, அடுத்த ஓட்டை திறந்தேதான் இருந்தது.

எந்த மருந்து வேலை செய்யும் என்பதை மருத்துவ ஆய்வு சொல்லிவிடுகிறது. அந்த மருந்து ஓர் ஆளின் கைக்கு வந்து சேரவும், பத்தாண்டு கழித்தும் வந்துகொண்டிருக்கவும் என்ன ஏற்பாடு வேண்டும், அதை யார் செய்வது, என்ன செலவாகும், ஆய்வுக் குழு ஊரைவிட்டுப் போன பிறகும் அது நிற்குமா என்பவை வேறு கேள்விகள். இவற்றுக்கு அனுபவசாலிகளின் ஊகத்தை நம்பாமல் அளந்து பதில் தேடுவதுதான் செயலாக்க அறிவியல்.

மலாவியின் கதை இதை நன்றாக விளக்கும். கர்ப்பிணிகளுக்குக் கூட்டு மருந்து தொடங்க வேண்டுமா என்று முடிவு செய்ய அப்போது சிடி4 எண்ணிக்கை (எச்.ஐ.வி. அழிக்கும் நோயெதிர்ப்புச் செல்களின் இரத்த எண்ணிக்கை) தேவைப்பட்டது. அதற்கான இயந்திரம் பெரும்பாலான கிராமப்புற நிலையங்களில் இல்லை. 2011இல் மலாவி அந்தப் படியையே தூக்கிவிட்டது: எச்.ஐ.வி. உள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், எண்ணிக்கை பார்க்காமல் வாழ்நாள் முழுவதும் மருந்து. 2011இன் இரண்டாம் காலாண்டில் இப்படி மருந்து தொடங்கியவர்கள் 1,257 பேர்; 2012இன் மூன்றாம் காலாண்டில் 10,663 பேர். உலகமே பின்னர் பின்பற்றிய முடிவு இது.

ஆனால் அடுத்து வந்த கணக்கு கவலை தந்தது. தன் உடல் நலிந்து மருந்து தொடங்கிய பெண்களோடு ஒப்பிட்டால், கர்ப்ப காலத்தில் குழந்தைக்காகத் தொடங்கியவர்கள் முதல் நாளுக்குப் பிறகு திரும்பி வராமலே போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. உடம்பில் ஒரு குறையும் இல்லாத பெண் கர்ப்பப் பரிசோதனைக்கு வருகிறாள். அன்றே தொற்று என்று தெரிகிறது, அன்றே வாழ்நாள் மாத்திரை கையில் தரப்படுகிறது. கணவனிடம் எப்படிச் சொல்வது, டப்பாவை வீட்டில் எங்கே வைப்பது என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. தொற்றுடன் வாழும் பிற தாய்மாரைத் துணைக்கு நியமித்து மலாவியில் நடத்திய ஒப்பீட்டு ஆய்வில், 24 மாதங்களில் தொடர்ந்தவர்கள் துணைத் தாய்மார் இருந்த இடங்களில் 80 சதவீதத்தை ஒட்டியும், இல்லாத இடங்களில் 66 சதவீதமாகவும் இருந்தனர். ஒரு கொள்கை வெற்றி பெற்றதும் பிரச்சினை அடுத்த படிக்கு நகர்ந்துவிடும். அது எங்கே நகர்ந்தது என்று தேடுவதே இந்த வேலை.

மாவட்ட அளவில் இதை எப்படிச் செய்வது? முதல் வேலை, படிகளை எண்ணிக்கையாக எழுதுவது. ஐவரி கோஸ்ட், கென்யா, மொசாம்பிக் ஆகிய மூன்று நாடுகளில் 36 நிலையங்களை வைத்துச் சோதித்த ஒரு முறை இங்கே கைகொடுக்கும். அதன் மையம் ஒரு சாதாரண எக்செல் தாள். ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் நுழைந்தார்கள், எத்தனை பேர் அடுத்த படிக்குப் போனார்கள் என்று பதிவேட்டிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டும். பிறகு அந்தத் தாள் ஒரு கேள்விக்குப் பதில் தரும்: மற்றவை இப்படியே இருக்க, இந்த ஒரு படியை மட்டும் முழுமையாக்கினால் கடைசியில் எத்தனை பேர் கூடுவார்கள்?

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. மாதம் 200 கர்ப்பிணிகள் முதல் முறை வருகிறார்கள். 180 பேருக்குச் சோதனை, 18 பேருக்குத் தொற்று. 15 பேர் மருந்து தொடங்குகிறார்கள், ஆறாம் மாதத்தில் 12 பேர் இருக்கிறார்கள், அதில் 6 பேருக்கு வைரஸ் அளவுச் சோதனை (இரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று பார்ப்பது) எடுக்கப்பட்டிருக்கிறது, 5 பேருக்கு அளவு அடங்கியிருக்கிறது, அதாவது மருந்து வேலை செய்கிறது. எல்லோருக்கும் தொற்றுச் சோதனை செய்தால் கடைசி எண் 5.6 ஆகும். தொற்றுள்ள எல்லோரும் மருந்து தொடங்கினால் 6. தொடங்கிய எல்லோரும் நிலைத்தால் 6.25. வைரஸ் சோதனையை எல்லோருக்கும் எடுத்தால் 10. கூட்டம் போட்டுப் பேசினால் பெரும்பாலும் 'விழிப்புணர்வு போதவில்லை' என்றுதான் முடியும். இந்தத் தாளோ இரத்தம் எடுக்கும் மேசையைக் காட்டுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சோதனை எடுத்ததாலேயே யாருக்கும் உடல் தேறிவிடுவதில்லை. கூடுதலாகத் தெரியவரும் 5 பேர் முன்பே நலமாக இருந்தவர்கள். உண்மையான ஆதாயம், அடங்காமல் ஒளிந்திருந்த இன்னொருவர் கண்ணில் படுவது. ஆகவே தாள் காட்டும் படியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அதனால் யாருடைய உடலில் என்ன மாறும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து, அந்தப் படியில் நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வாயிலிலிருந்து மருந்து வாங்கி வெளியேறும்வரை ஐந்தாறு நோயாளிகளோடு சேர்ந்தே நடந்து, ஒவ்வொரு இடத்திலும் காத்திருந்த நிமிடத்தையும் கைமாறிய தாளையும் குறித்துக்கொண்டால் போதும். வைரஸ் சோதனை ஏன் நடக்கவில்லை என்பதற்கு, மாதிரி ஏற்றும் மோட்டார் சைக்கிள் காலை பத்து மணிக்கே கிளம்பிவிடுகிறது, நோயாளிகளோ பதினொன்றுக்குத்தான் செவிலியரிடம் போய்ச் சேருகிறார்கள் என்பது போன்ற காரணம் கிடைக்கலாம். எந்த அறிக்கையிலும் இது இருக்காது. இந்த வரைபடத்தை நிலைய ஊழியர்களே வரைய வேண்டும். வெளியிலிருந்து வந்தவர் வரைந்து கொடுத்தால், வழிகாட்டி நூல் சொல்லும் வழிதான் தாளில் வரும். உண்மையில் நடக்கும் வழி வராது. அந்த மூன்று நாட்டு ஆய்வின் முடிவையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மருந்து தொடங்கிய கர்ப்பிணிகளின் விகிதம் இந்த முறை நடந்த நிலையங்களில் 13.3 புள்ளியும் மற்றவற்றில் 4.1 புள்ளியும் கூடின. ஆனால் 36 நிலையங்கள் மட்டும் இருந்ததால் அந்த வேறுபாடு புள்ளியியல் கணக்கில் உறுதிப்படவில்லை. குழந்தைகளுக்கான சோதனையில் கிடைத்த முன்னேற்றம் உறுதியானது.

பிறகு மாற்றத்தை வகுப்பது. பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். 'ஆலோசனையை வலுப்படுத்துதல்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதை நாளை காலை யாரும் செய்ய முடியாது. ஒரு மாற்றத்தை எழுதும்போது ஏழு விவரங்கள் வேண்டும்: யார் செய்வது, என்ன செய்வது, யாருடைய பழக்கத்தை மாற்ற, எப்போது, எத்தனை முறை, எந்த எண் நகர வேண்டும், அது நகரும் என்று நம்பக் காரணம் என்ன. எடுத்துக்காட்டாக: 'மருந்து தொடங்கிய ஏழாம் நாளுக்குள் துணைத் தாய் ஒருமுறை தொலைபேசியில் பேசுவார். கிடைக்காவிட்டால் இரண்டு நாள் இடைவெளியில் மேலும் இரு முறை முயல்வார். ஒவ்வொரு முயற்சியையும் நீலப் பதிவேட்டில் எழுதுவார். முதல் மாதத்தில் திரும்பி வருவோர் விகிதம் கூட வேண்டும். முதல் வாரத்துப் பக்கவிளைவும் வீட்டாரிடம் உள்ள பயமும்தான் பலரை நிறுத்துகின்றன என்பது காரணம்.' இப்படி எழுதினால்தான் மூன்று மாதம் கழித்து, நடந்ததா இல்லையா என்று கேட்க முடியும்.

தென்மேற்கு உகாண்டாவில் 20 நிலையங்களில் நடந்த வேலை இதற்கு நல்ல மாதிரி. சிகிச்சைக்குத் தகுதி பெற்றவர்களுக்கு மருந்து தொடங்குவது தாமதமாகிக்கொண்டிருந்தது. நோயாளியைக் குறை சொல்லாமல், ஊழியர்கள் ஏன் தாமதிக்கிறார்கள் என்று முதலில் கேட்டார்கள். பல முறை ஆலோசனைக்கு வரவழைத்தால்தான் நோயாளி மருந்தை ஒழுங்காக உண்பார் என்று ஊழியர்கள் உண்மையாகவே நம்பினார்கள். சிடி4 முடிவு வரத் தாமதமானது. தங்கள் நிலையம் மற்ற நிலையங்களோடு ஒப்பிட எப்படி இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தீர்வு: மதிப்புமிக்க மூத்த மருத்துவர் நேரில் வந்து தந்த பயிற்சி, நிலையத்திலேயே சிடி4 கருவி, கட்டாய முன்-ஆலோசனைகளை நீக்கிய புதிய முறை, நிலையங்களின் எண்களை ஒப்பிட்டுக் காட்டும் அறிக்கை. இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கியவர்கள் 38%இலிருந்து 80% ஆனார்கள். எல்லா நிலையங்களுக்கும் ஒரேயடியாக மாற்றத்தைக் கொடுக்காமல், குலுக்கல் முறையில் சில நிலையங்களாகப் படிப்படியாகக் கொண்டுபோனதால், இன்னும் முறை வராத நிலையங்களே ஒப்பீட்டுக்குப் பயன்பட்டன. ஒரு மாவட்டம் எப்படியும் எல்லா இடத்துக்கும் ஒரே மாதத்தில் பயிற்சி தர முடியாது. வரிசையை மட்டும் குலுக்கலில் முடிவு செய்தால் பெரிய கூடுதல் செலவில்லாமல் நம்பகமான ஆய்வு கிடைத்துவிடும்.

'வேலை செய்ததா?' என்று கேட்பதற்கு முன் 'செய்தோமா?' என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 20 கோப்புகளைக் கண்ணை மூடி எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏழாம் நாள் தொலைபேசி அழைப்பு 20இல் 6 கோப்பில்தான் பதிவாகியிருக்கிறது என்றால், முடிவு மாறாததற்குத் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. அது இன்னும் சோதிக்கப்படவே இல்லை. நல்ல யோசனைகள் பல, ஒருநாளும் ஒழுங்காக நடைபெறாமலே தோற்றவையாக எழுதி மூடப்படுகின்றன.

இதைவிட ஆபத்தான பிழை, வராமல் போனவர்கள் பற்றியது. பதிவேட்டில் 'தொடர்பு விட்டவர்' என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று வகையினர் ஒளிந்திருக்கிறார்கள்: இறந்தவர், சொல்லாமல் வேறு நிலையத்துக்குப் போய் மருந்து வாங்குபவர், உண்மையாகவே மருந்தை நிறுத்தியவர். இறந்தவரை 'விட்டுவிட்டார்' என்று எழுதினால் திட்டத்தின் இறப்பு விகிதம் பொய்யாகக் குறைகிறது. இடம் மாறியவரை அப்படி எழுதினால் விட்டவர் விகிதம் பொய்யாகக் கூடுகிறது. உகாண்டாவிலும் பின்னர் சாம்பியாவின் நான்கு மாகாணங்களிலும் இதற்கு ஒரு வழி காட்டினார்கள்: எல்லோரையும் தேடாமல், குலுக்கலில் ஒரு சிறு பகுதியை எடுத்து, அவர்களை மட்டும் விடாமல் தேடுவது. 600 பேர் வரவில்லை என்றால் 60 பேரைக் குலுக்கலில் எடுங்கள். அவர்களில் 54 பேரின் நிலை தெரிந்து, 12 பேர் இறந்தும், 20 பேர் வேறிடத்தில் மருந்து வாங்கியும், 22 பேர் நிறுத்தியும் இருந்தால், 600 பேரில் சுமார் 130 பேர் இறந்திருப்பார்கள், 220 பேர் நலமாக வேறிடத்தில் இருப்பார்கள், 245 பேரைத்தான் திரும்ப அழைக்க வேண்டும் என்று கணக்கிடலாம். 600 பேரையும் அரைகுறையாகத் தேடினால் எளிதில் கிடைப்பவர்கள் மட்டும் கிடைப்பார்கள், கணக்கு தவறிவிடும். தேடிப் போகிறவர் சீருடையோ திட்டத்தின் பெயர் எழுதிய வண்டியோ இல்லாமல் போக வேண்டும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியே அந்த வீட்டின் ரகசியத்தைத் தெருவுக்குச் சொல்லிவிடும்.

இனி, நலமாக இருப்பவர்களுக்கு. நிலைத்தவர்களை மாதாமாதம் வரவழைப்பது அவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும். செவிலியருக்கு நீண்ட வரிசை. மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2008இல் தொடங்கிய குழு முறையில், ஆறு பேர் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து, முறைவைத்து ஒருவர் போய் எல்லோருக்கும் மருந்து வாங்கி வந்தார்கள். கேப்டவுனின் கயலிட்சாவில் வேறு வடிவம்: 25 முதல் 30 பேர் கொண்ட சங்கம், முன்பே பெயர் எழுதிப் பொட்டலம் கட்டிய மருந்து, நடத்துபவர் மருத்துவப் பயிற்சி இல்லாத ஆலோசகர், ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். 40 மாதங்களில் சங்கத்தினரில் 97% தொடர்ந்தார்கள், மற்றவர்களில் 85%. நலமாக இருப்பவர்களே சங்கத்தில் சேர்க்கப்பட்டார்கள் என்பதால் இந்த வேறுபாடு முழுவதையும் சங்கத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

டெட்டேயின் வடிவத்தைத் தூக்கிக் கேப்டவுனில் வைத்தால் பொருந்தாது. அங்கே தூரம் பிரச்சினை, இங்கே வரிசை பிரச்சினை. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். சங்கத்தின் உயிர்நாடி முன்பே கட்டிய பொட்டலம். கூடும் இடம், நாள், ஆள் எண்ணிக்கை எல்லாம் மாறலாம். பொட்டலம் நேரத்துக்கு வராவிட்டால் சங்கமும் இன்னொரு வரிசையாகிவிடும். இரண்டு முறை அப்படி நடந்தால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள்.

ஆறு மாத மருந்தை ஒரேயடியாகத் தருவது இன்னும் எளிய வழி. மலாவியிலும் சாம்பியாவிலும் 30 நிலையங்களில் நடந்த ஆய்வில் ஆறு மாத மருந்து பெற்றவர்கள் சிகிச்சையில் நிலைப்பதில் பின்தங்கவில்லை. ஆனால் கிடங்குக் கணக்கு போடாமல் தொடங்கியவர்கள் தடுமாறுவார்கள். 10,000 பேர் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு மாறினால், ஆண்டுச் செலவு மாறாது. ஆளுக்கு 90 மாத்திரைப் புட்டி நான்கேதான். ஆனால் மாறும் காலாண்டில் மட்டும் கூடுதலாக 10,000 புட்டிகள் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் வந்தவர்களுக்கு ஆறு மாதம், கடைசியில் வந்தவர்களுக்கு இரண்டு வாரம் என்று பிரித்துக் கொடுக்க நேரும். எல்லோரையும் ஒரே காலாண்டில் மாற்றாமல் பல மாதங்களுக்குப் பரப்பி மாற்றுவதும், கொள்முதல் அதிகாரியை முதல் கூட்டத்திலேயே உட்காரவைப்பதும் இதைத் தவிர்க்கும்.

கண்டறிந்த அன்றே மருந்து தொடங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த ஆய்வில் 90 நாளுக்குள் தொடங்கியவர்கள் 72%இலிருந்து 97% ஆனார்கள். பத்தாம் மாதத்தில் வைரஸ் அடங்கியவர்கள் 51%இலிருந்து 64%தான். முன்பு தொடங்குவதற்கு முன்னால் போனவர்கள் இப்போது தொடங்கிய பின் போகிறார்கள். அன்றே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஆனால் முதல் மாதத் துணைக்குப் பணம் ஒதுக்காமல் அதைச் செய்வது பாதி வேலை. கடும் தலைவலியோ கழுத்து விறைப்போ உள்ளவருக்கு அன்றே தொடங்கவும் கூடாது. கிரிப்டோகாக்கல் மூளையுறை அழற்சி (மூளையைச் சுற்றிய உறையில் வரும் பூஞ்சைத் தொற்று) இருந்தால் கூட்டு மருந்தை நான்கு முதல் ஆறு வாரம் தள்ளிவைக்க வேண்டும், முந்தினால் உயிருக்கே ஆபத்து. இந்தச் சோதனைப் பட்டியல் ஒரே பக்கமாக மேசையில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

வைரஸ் அளவில் அடிக்கடி நேரும் தவறு, முடிவு வந்தும் யாரும் பார்க்காதது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 1,000க்கு மேல் வந்த தாள் கோப்புக்குள் போய்விடும், நோயாளி அடுத்து வரும்போது செவிலியர் அதைத் தாண்டிப் புரட்டிவிடுவார். 1,000க்கு மேல் வந்தவர்களுக்கு மட்டும் தனிப் பதிவேடு, அதற்குப் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளர், ஒரு வாரத்துக்குள் அழைப்பு, ஆலோசனை, மூன்று மாதத்தில் மறுசோதனை. டர்பனில் நிலையத்திலேயே வைரஸ் அளவு பார்த்து, பணியின் ஒரு பகுதியைக் கீழ்நிலைச் செவிலியருக்கு மாற்றியபோது, ஓராண்டில் தொடர்ந்தும் அடங்கியும் இருந்தவர்கள் 76%இலிருந்து 90% ஆனார்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கருவி வாங்கப் பணம் கேட்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நோயாளிகள் ஏற்பார்களா என்பதை அவர்களிடமே கேட்பதும் இதே வேலையின் பகுதி. 2018 மே மாதம் போட்ஸ்வானாவிலிருந்து, டோலுடெக்ராவிர் என்ற புதிய எச்.ஐ.வி. மருந்தை உண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு நரம்புக்குழல் குறைபாடு (மூளையோ தண்டுவடமோ சரியாக உருவாகாத பிறவிக் குறை) கூடுதலோ என்ற ஐயம் எழுந்தது. பல திட்டங்கள் கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் அனைவரையும் அந்த மருந்திலிருந்து விலக்கிவைத்தன. அதே ஆண்டு ஜூலையில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் கூடிய எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்கள், தகவலைத் தாருங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம் என்றார்கள். பின்னர் வந்த தரவில் அந்த வேறுபாடு சுருங்கியது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதை எல்லோருக்கும் பரிந்துரைத்தது. அந்தப் பெண்களை முதலிலேயே கேட்டிருந்தால் பலர் பழைய, பக்கவிளைவு மிகுந்த மாத்திரையில் காத்திருக்க நேர்ந்திருக்காது.

கோட்பாட்டுச் சட்டகங்கள் எதைப் பயன்படுத்துவது என்று பலர் குழம்புகிறார்கள். எதையாவது ஒன்றை எடுத்து, ஏற்பு, நடைமுறைச் சாத்தியம், சொன்னபடி நடந்த அளவு, பரவல், செலவு, நீடிப்பு ஆகியவற்றை விடாமல் அளந்தால் போதும். நீடிப்பைத்தான் எல்லோரும் கடைசிப் பத்தியில் வைக்கிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது முதலில் வீட்டுக்குப் போனவர்களில் துணைத் தாய்மார், தரவுப் பதிவாளர்கள், தேடிப்போகும் ஊழியர்கள் உண்டு. செயலாக்க ஆய்வுகள் பயன்தரும் என்று காட்டிய அதே வேலைகள், சம்பளமோ வெளிப்பணம்.

அதனால் ஒரு மாற்றத்தைச் சோதிக்கும் முதல் நாளிலேயே அதன் ஆண்டுச் செலவை ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று உள்ளூர்ப் பணத்தில் எழுதி, எந்த வரி அரசு நிதிநிலையில் இருக்கிறது, எது இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் நிலையங்களில் அரசு ஊழியர்களே வேலை செய்யட்டும். திட்ட ஊழியரை வைத்துப் பெற்ற வெற்றி அவரோடு போய்விடும். பணம் சுருங்கும்போது எதை விடலாம் என்ற வரிசையையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பயிற்சி முகாம்களை முதலில் குறைக்கலாம், கூட்டங்களைக் குறைக்கலாம். மருந்துக் கிடங்குக் கணக்கு, 1,000க்கு மேல் வந்தவர்களின் பதிவேடு, முதல் மாதத்தில் அழைத்துப் பேசும் அந்த ஒருவரின் சம்பளம், இவை மூன்றும் கடைசிவரை இருக்க வேண்டும்.